வெண்கதிர்: குருவியின் வேலையா, குருத்துப் பூச்சியின் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரும்போக வேளாண்மை முற்றிவரும் இந்த நாட்களில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயலொன்றின் படம் உங்கள் பத்திரிகையில் வந்திருந்தது. குருவிக் கூட்டம் கதிர்களைத் தின்று வெறுமையாக்கிவிட்டதாக அடியில் எழுதியிருந்தது. படம் தெளிவானது. அதனால் பிழையும் தெளிவாகவே தெரிகிறது. பச்சைக் கதிர்கள் பாரத்தில் தலைகவிழ்ந்து நிற்கின்றன. நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளைக் கதிர்கள் ஈட்டி போல நிமிர்ந்து நிற்கின்றன. அடி மணியிலிருந்து நுனி மணி வரை ஒரே வெளுப்பு. ஒரு மணியும் உதிரவில்லை, ஒரு உமியும் பிளக்கவில்லை. குருவி தின்ற கதிர் இப்படி இருக்காது. இது மஞ்சள் தண்டு துளைப்பானின் வேலை. வயலில் குருத்துப் பூச்சி என்று சொல்லும் அந்துப்பூச்சிதான் அது.

ஒரு படத்தின் அடியில் எழுதிய வரிக்கு இவ்வளவு நீளமான கடிதம் தேவையா என்று கேட்கலாம். அந்த வரியை நம்பி வலை வாங்கவும் பட்டாசு வாங்கவும் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குருவியை விரட்டி முடிந்த பிறகும் கதிர் வெளுத்துக்கொண்டே போகும். அடுத்த போகமும் அதே இடத்தில் அதே பூச்சி வரும். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் வயலில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை. வெளுத்த கதிர் ஒன்றின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். துளைப்பான் அறுத்த கதிர் தடையே இல்லாமல் உறையிலிருந்து கழன்று கையோடு வரும். அடிநுனியைப் பாருங்கள்: அரித்த தடம் இருக்கும், சில வேளை ஈரமாக அழுகியும் இருக்கும். அந்தத் தண்டை நகத்தால் நீளவாக்கில் கிழித்தால் உள்ளே மரத்தூள் போன்ற எச்சம் இருக்கும். அதற்குக் கீழே, கணுவுக்குச் சற்று மேலே, வெளிர்மஞ்சள் புழு ஒன்று கிடக்கும். தலை மட்டும் கபில நிறம். முழு வளர்ச்சியில் இரண்டு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பெரும்பாலும் ஒரு தண்டில் ஒரு புழுதான்.

குருவி இறங்கிய கதிரை இழுத்தால் வராது. தண்டும் கழுத்தும் பச்சையாக, உறுதியாக இருக்கும். மணிகள் ஒரே சீராகப் பாழாகியிருக்காது. நுனிப்பக்கத்தில் ஏழெட்டு மணி நசுங்கியிருக்கும், நடுவில் நாலு மணி இருக்காது, மிச்சம் நல்ல நெல்லாகவே நிற்கும். பாற்பருவத்தில் இறங்கியிருந்தால் நசுங்கிய மணியிலிருந்து வழிந்த பால் உமியின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புத் துளி போலக் காய்ந்திருக்கும். நெல் முற்றிய பிறகு இறங்கியிருந்தால் கதிருக்குக் கீழே, தண்ணீரிலும் சேற்றிலும், பிளந்த உமி சிதறிக் கிடக்கும். சேதமும் வரம்போரத்தில், பற்றைக்கும் மின்கம்பிக்கும் கிட்டிய பக்கத்தில்தான் கூட இருக்கும். துளைப்பான் அப்படி ஓரம் பார்ப்பதில்லை. நடுவயலிலும் இருக்கும்.

கதிர் வெளுக்க வேறு காரணங்களும் உண்டு. கழுத்துக் கணு கறுத்து, கதிர் அந்த இடத்தில் முறிந்து தொங்கினால் அது எரிபந்தம் என்ற பூஞ்சண நோய். தண்டு அடியில் சாய்வாகக் கத்தரித்தது போல வெட்டுப்பட்டு விழுந்து கிடந்தால் எலி. பூக்கும் நேரத்தில் தண்ணீர் தட்டுப்பட்டாலும் அரிசியில்லாத சப்பி விழும், ஆனால் அப்போது ஒரு பக்கமாகப் பரந்த இடம் முழுவதும் வெளுக்கும். பூச்சிமருந்து எதற்கும் கைவைக்க முன்னர் இருபது கதிரையாவது இழுத்துப் பார்த்து எண்ணிக்கொள்வது மலிவான வேலை.

இனி அந்த அந்துப்பூச்சியைப் பார்ப்போம். பெண்பூச்சி சிறகு விரித்தால் மூன்று சென்ரிமீற்றர் அளவு. வைக்கோல் மஞ்சள் நிறம். முன்சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் பேனாவால் தொட்டு வைத்தது போல ஒரு கறுப்புப் புள்ளி. ஆண் சிறியது, மங்கிய கபில நிறம், புள்ளி தெளிவாக இருக்காது. பகலில் பயிரின் இடுக்கில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வரம்பால் நடக்கிறபோது காலடியில் ஒன்றிரண்டு எழும்பி நாலு முழம் பறந்து மறுபடியும் மறைந்துவிடும். இருட்டிய பிறகுதான் அதன் நடமாட்டம். முதிர்ந்த பூச்சி நெல்லில் ஒன்றையும் தின்பதில்லை. ஒரு வாரம், பத்து நாள் உயிரோடு இருந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும்.

முட்டையை இலையின் நுனிப்பக்கத்தில் குவியலாக இடும். ஒரு குவியலில் ஐம்பது, அறுபது, சில வேளை நூறு. இட்டு முடிந்ததும் தன் வயிற்று நுனியில் உள்ள மெல்லிய மயிரை உதிர்த்து மேலே போர்த்திவிடும். பார்ப்பதற்கு இலையில் ஒட்டிய இளங்கபிலப் பஞ்சுத் துணுக்கு போல இருக்கும். தெரியாதவர் சேறு பட்டிருக்கிறது என்று நினைப்பார். ஒரு வாரத்தில் பொரிக்கும். பொரித்த குஞ்சுப்புழு இலைநுனிக்கு ஏறி நூல்விட்டுத் தொங்கும். காற்று அதைப் பக்கத்துப் பயிருக்குக் கொண்டுபோகும். பெரும்பகுதி தண்ணீரில் விழுந்து சாகும். தப்பியது இலையுறைக்கும் தண்டுக்கும் இடையில் புகுந்து, பிறகு தண்டைத் துளைத்து உள்ளே போகும்.

வெளியே தெரியும்படி அது இருப்பது அந்த ஒன்றிரண்டு நாள்தான். மருந்து எட்டக்கூடிய நாளும் அதுவே. உள்ளே போனபின் மேலால் எவ்வளவு அடித்தாலும் தண்டின் சுவர்தான் நனையும். மூன்று, நாலு, ஐந்து வாரம் உள்ளே தின்று வளர்ந்து, தண்டின் அடிப்பக்கத்தில் கூட்டுப்புழுவாகும். கூடு கட்டுவதற்கு முன் தண்டில் வட்டமாக ஒரு வாசல் அரித்து, வெளித்தோலை மட்டும் மெல்லிய தாள் போல விட்டுவைக்கும். சிறகு முளைத்த பூச்சி அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வாயில் வலு இல்லாத பூச்சிக்குப் புழுவாக இருக்கும்போதே கதவு செய்து வைக்கிற ஏற்பாடு!

மட்டம் (பக்கத்தண்டு) வெடிக்கும் பருவத்தில் புழு புகுந்தால் நடுக்குருத்து காய்ந்து கபில நிறமாகும், இழுத்தால் வந்துவிடும். இதைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் இந்தக் கட்டத்தில் நெல் தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளும். காய்ந்த மட்டத்துக்குப் பதிலாகப் பக்கத்தில் புது மட்டம் வெடிக்கும். கதிர் உறைக்குள் திரளும் குடலைப் பருவத்திலிருந்து அது வெளிவரும் வரை புகும் புழுதான் உண்மையான நட்டம் தருவது. கதிருக்குப் போகிற சாற்றை அது அடியில் அறுத்துவிடுகிறது. மேலே கதிர் உருவத்தில் குறையில்லாமல் வெளிவரும், உள்ளே அரிசி இருக்காது. அந்த நேரத்தில் புது மட்டம் வெடித்தாலும் அறுவடைக்கு உதவாது.

குருவியின் கதை வேறு. நம் வயல்களில் நெல்லுக்குருவி என்று சொல்வதில் இரண்டு மூன்று சாதி கலந்திருக்கிறது. அதிகம் கூட்டமாக வருவது புள்ளிச் சில்லை. பதினொன்று, பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளம். எடை பன்னிரண்டு முதல் பதினாறு கிராமுக்குள். முதுகு கபிலம், தொண்டை செங்கபிலம், வெள்ளை நெஞ்சிலும் வயிற்றிலும் மீன்செதிள் போலக் கபில வரி. செதிள் இல்லாத, வெறும் மண்ணிறக் குருவிகளும் கூட்டத்தில் இருக்கும். அவை குஞ்சுகள், வேறு சாதியென்று நினைக்க வேண்டியதில்லை.

பறவை நூலார் இதைப் பாடும் பறவைப் பிரிவில் வைக்கிறார்கள். குரலுறுப்பின் அமைப்பை வைத்துச் சொல்வது அது. பாட்டைக் கேட்டவர் குறைவு. ஆண்குருவி கிளையில் நிமிர்ந்திருந்து சொண்டை அசைக்கும், தொண்டை மயிர் துடிக்கும், நாலைந்து அடி தள்ளி நிற்பவருக்குச் சத்தமே கேட்காது. நமக்குக் கேட்பதெல்லாம் கூட்டம் எழும்பும்போது வரும் கிட்டிக் கிட்டிச் சத்தம்தான்.

சொண்டு கட்டையானது, கூம்பு வடிவம். நெல் தண்டில் உட்கார்ந்து அதை வளைத்து, ஒவ்வொரு மணியாக எடுத்து, நாக்கால் உருட்டி உமியை நீக்கிவிட்டு அரிசியை மட்டும் விழுங்கும். பாற்பருவத்தில் மணிக்குள் அரிசி இறுகியிருக்காது. ஆகவே ஒரு பங்கு வயிற்றுக்குப் போக, பல பங்கு நசுங்கி வீணாகும். முற்றிய நெல்லில் அது தின்பது குறைவாகவே தெரிவதும், பாற்பருவத்தில் அதே கூட்டம் பேயாட்டம் ஆடியது போலத் தெரிவதும் இதனால்தான்.

இங்கே இன்னொரு தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. குருவிகளை ஆதரிப்பவர்கள் சிலர், நெல்லுக்குருவி பூச்சியைத் தின்று வேளாண்மையைக் காக்கிறது என்று எழுதுகிறார்கள். புள்ளிச் சில்லை பெரும்பாலும் விதை தின்னி. குஞ்சுக்கும் ஊட்டுவது பெரும்பாலும் பால் பிடித்த விதைதான். குஞ்சுக்குப் பூச்சி கொண்டுபோவது தூக்கணாங்குருவி. பறக்கும் அந்துப்பூச்சியை அந்தி மங்கும் நேரம் வரை கொத்திப் பிடிப்பது இரட்டைவாற் குருவி. உழும்போது இயந்திரத்துக்குப் பின்னால் புழு பொறுக்குவது நாகணவாயும் உண்ணிக்கொக்கும். எல்லாக் குருவிக்கும் ஒரே நற்சாட்சிப் பத்திரம் எழுதினால் வயல்காரர் எதையும் நம்பமாட்டார்.

சரி, யார் பெரிய கள்ளன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 30 மூடை, மூடைக்கு 66 கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய 1,980 கிலோ. வீச்சு விதைப்பு வயலில் சதுர மீற்றருக்கு 300 கதிர் என்றால் ஏக்கரில் சுமார் 12 இலட்சம் கதிர். ஒரு கதிரில் ஒன்றரைக் கிராமுக்குச் சற்றுக் கூடிய நெல். ஒரு குருவி நாளுக்கு மூன்று கிராம் தின்கிறது என்று எடுத்துக்கொண்டால் அது நாளுக்கு ஏறக்குறைய இரண்டு கதிர், இருபது நாளில் நாற்பதுக்குக் கிட்ட. ஒரு புழு தன் ஆயுளில் அழிப்பது ஒரு கதிர், மிஞ்சினால் இரண்டு. தனியாளாகப் பார்த்தால் குருவிதான் பெரிய கள்ளன்.

ஆனால் வயலில் எதுவும் தனியாக வருவதில்லை. நூற்றுக்கு ஐந்து வெண்கதிர் என்றால் ஏக்கருக்கு 60,000 கதிர், அதாவது ஏறக்குறைய 60,000 புழு. நெல்லில் 99 கிலோ, ஒன்றரை மூடை. ஐந்து வீதம் என்பது வரம்பில் நின்று பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியாத அளவு. இருபதில் ஒன்றுதானே! அதே ஒன்றரை மூடையைக் குருவி வயிற்றில் போட்டுக்கொண்டு போகவேண்டுமென்றால் அந்த ஒரு ஏக்கரில் 1,650 குருவி இருபது நாளும் விடாமல் தின்னவேண்டும். தின்பதைப் போல இரண்டு மடங்கை நசுக்கிக் கெடுக்கிறது என்று சேர்த்தாலும் 550 குருவி வேண்டும். வழக்கமாக ஏக்கருக்கு 200 குருவி வந்து போகிறது என்றால் இழப்பு, நசுக்கியதையும் சேர்த்து, 36 கிலோ. அரை மூடைக்குச் சற்றுக் கூட.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைக்கக்கூடாது. வட்டை (ஒன்றாகக் கிடக்கும் வயல்வெளி) முழுக்கப் பச்சையாக நிற்க, அரை ஏக்கர் துண்டு ஒன்று மட்டும் முந்திப் பால்பிடித்தால் சுற்றுவட்டாரக் குருவி எல்லாம் அங்கேதான் இறங்கும். 1,000 குருவி, இருபது நாள், நசுக்கியதையும் சேர்த்தால் 180 கிலோ. அந்தத் துண்டின் விளைச்சலில் ஐந்தில் ஒன்றுக்குக் கிட்டப் போய்விடும். அந்தத் துண்டுக்காரர் குருவியைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். துளைப்பானுக்கு வேலை தொடங்குவது விதைக்கும்போதல்ல, முந்திய போகத்தை அறுத்த கையோடு. அறுவடை இயந்திரம் முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுப் போகிறது. புழு அதற்குள் அடியில், மண்மட்டத்துக்குக் கிட்ட இருக்கிறது. மாடு மேய்ந்தாலும் மேல்பகுதிதான் போகும். நெருப்பு வைத்தாலும் வைக்கோல்தான் எரியும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். அறுத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் அடிக்கட்டையைப் புரட்டி உழவேண்டும். தண்ணீர் இருக்கும் இடத்தில் உழுது தண்ணீர் கட்டினால் புழு மூச்சுமுட்டிச் சாகும். உன்னிச்சைக் குளம், நவகிரிக் குளம் பக்கத்தில் சிறுபோகத் தண்ணீர் கிடைக்கும் வாய்க்கால்களில் இது தானாகவே நடக்கிறது. மானாவாரி வயல்களில் அடிக்கட்டை ஆவணி வரை அப்படியே நிற்கும். ஐப்பசி மழையோடு பூச்சி வெளியே வரும்போது புதுப்பயிர் தயாராக இருக்கும். அங்கே கோடையிலேயே ஒரு உழவு போட்டு அடிக்கட்டையை வெயிலுக்குக் காட்டவேண்டும்.

இந்தியப் பிரசுரங்களில் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொல்வார்கள். முட்டைக் குவியல் நுனியில் இருப்பதால் அது நல்ல யோசனை. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்பாலும் வீச்சு விதைப்பு. கிள்ள நாற்று எங்கே? தண்ணீரை உயர்த்தி முட்டையை மூழ்கடிக்கச் சொல்வதும் அப்படித்தான். மஞ்சள் தண்டு துளைப்பான் முட்டையிடுவது இலைநுனியில். அவ்வளவுக்குத் தண்ணீர் கட்டினால் பயிர் மூழ்கும்.

நமக்குப் பொருந்துவது முட்டை பொறுக்குதல். விதைத்து மூன்றாம் வாரத்திலிருந்து கிழமைக்கு ஒருமுறை காலையில் வயலுக்குள் இறங்கிப் பத்து இடத்தில், ஒவ்வொன்றும் ஒரு சதுர மீற்றர் அளவில், இலைநுனிகளைப் பாருங்கள். சதுர மீற்றருக்குச் சராசரி இரண்டு குவியல் இருந்தால் கவனிக்கவேண்டிய நிலை. பொறுக்கிய இலைத்துண்டுகளை உடனே எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். முட்டைகளில் ஒரு பகுதிக்குள் துளைப்பானின் எதிரியான சிற்றெறும்பிலும் சிறிய குளவிக் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு பேசினில் தண்ணீர் விட்டு மேலே இரண்டு கரண்டி மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். நடுவில் செங்கல் ஒன்று வைத்து, அதன்மேல் இலைத்துண்டுகள் போட்ட திறந்த தகரப்பேணியை வையுங்கள். பொரிக்கும் புழு ஊர்ந்து வெளியே வந்தால் தண்ணீரில் விழும். குளவி பறந்து வயலுக்குப் போய்விடும். மழை நனைக்காதபடி மேலே தகரத் துண்டு ஒன்று சரித்து வைத்தால் போதும்.

விளக்குப் பொறியும் உதவும், ஆனால் எண்ணிப் பார்ப்பதற்குத்தான். வயலில் உள்ள பூச்சியையெல்லாம் பிடித்து முடிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம். இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை மின்குமிழுக்குக் கீழே சவர்க்காரத் தண்ணீர்ப் பேசின் வைத்து, விழுந்த மஞ்சள் பூச்சியைக் காலையில் எண்ணி எழுதி வையுங்கள். வயலின் நடுவில் வைக்கக்கூடாது. விளக்குக்கு வந்த பெண்பூச்சி எல்லாம் பேசினில் விழுவதில்லை, பாதி பக்கத்துப் பயிரில் உட்கார்ந்து முட்டையிடும். பறுவ (முழுநிலா) நாட்களில் விளக்குக்கு வருவது குறையும், அதை வைத்துப் பூச்சி குறைந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். எண்ணிக்கை திடீரென்று ஏறி இறங்கினால், அந்த உச்சத்திலிருந்து ஏழெட்டு நாளில் குஞ்சுப்புழு இருக்கும். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் அந்த நாட்கள்தான். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் கமநல நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்டால் இருக்கிறதைத்தான் தருவார்.

குருத்துக் காய்ந்ததை எண்ணவும் ஒரு முறை வேண்டும். ஒரு அடிச் சதுரமாகக் கம்பிச் சட்டம் ஒன்று செய்து, வயலைக் குறுக்காகக் கடந்து பத்து இடத்தில் போட்டு, உள்ளே உள்ள மட்டங்களையும் காய்ந்த குருத்தையும் எண்ணுங்கள். மொத்தம் 300 மட்டத்தில் 24 காய்ந்திருந்தால் எட்டு வீதம். பத்து வீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மட்டம் வெடிக்கும் பருவத்தில் மருந்து தேவையில்லை. தேவையில்லாமல் முந்தி அடிக்கிற மருந்து சிலந்தியையும் குளவியையும் கொன்றுவிடும். ஒரு மாதம் கழித்து அறக்கொட்டி என்ற சாறுறிஞ்சும் பூச்சி பெருகிப் பயிர் வட்டம் வட்டமாகக் கருகும்போது அந்த மருந்துக்கும் இதற்கும் தொடர்பிருப்பது ஞாபகத்தில் இருக்காது.

மூன்றரை மாத நெல்லில் கவனிக்கவேண்டிய நாட்கள் விதைத்து ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வரை. வெண்கதிர் கண்ணுக்குத் தெரிந்தபின் அடிக்கும் மருந்து ஒரு நெல்மணியையும் திருப்பித் தராது. யூரியாவையும் ஒரே தடவையாகக் கொட்டாமல் மூன்று நாலு தடவையாகப் பிரித்துப் போடுங்கள். கடும்பச்சையாக, மென்மையாக வளர்ந்த தண்டைத்தான் பூச்சியும் விரும்பும், புழுவும் இலகுவாகத் துளைக்கும். வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்பிப் போட்டால் அதிலுள்ள சிலிக்காச் சத்து அடுத்த பயிரின் தண்டைக் கடினமாக்கும்.

குருவிக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. காவல் வேண்டிய காலம் பால்பிடிக்கத் தொடங்கியதிலிருந்து மணி இறுகும் வரை, இரண்டிலிருந்து மூன்று வாரம். காலை வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, பின்னேரம் மூன்றிலிருந்து இருட்டும் வரை. நடுப்பகலில் அது பற்றைக்குள் ஒதுங்கியிருக்கும், காவல்காரரும் சாப்பிட்டுப் படுக்கலாம். மினுங்கும் நாடாவைக் கதிருக்கு ஒரு முழம் மேலே, மூன்று நாலு மீற்றர் இடைவெளியில், இரண்டு மூன்று முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் இரைந்து மினுங்கும். பழைய கசெட் நாடாவும் இந்த வேலை செய்யும். பால்பிடிக்க முன்னர் கட்டக்கூடாது. குருவி பழகிவிட்டால் நாடாமேலேயே உட்காரும். வெருளியையும் ஒரே இடத்தில் நட்டுவைக்காமல் நாளுக்கு நாள் இடம் மாற்றவேண்டும், சட்டையையும் மாற்றினால் நல்லது. நெற்சப்பிக் களையும் வரம்புப் புல்லும் நெல்லுக்கு முந்தி விதை பிடிக்கும். குருவிக்கு முதல் அழைப்பு அங்கேயிருந்துதான் போகிறது. குடலைப் பருவத்திலேயே அவற்றை வெட்டிவிடுங்கள்.

தங்கூசி வலையை (ஒற்றை இழை நைலோன் வலை) வயலுக்கு மேலே விரிப்பதை இப்போது பல இடங்களில் காணலாம். மீன்பிடிக்கே தடைசெய்யப்பட்ட வலை வயலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நூல் என்பதால் குருவி விலகிப் போவதில்லை, சிக்கித்தான் சாகிறது. இரட்டைவாற் குருவியும், இரவில் எலி பிடிக்க வரும் ஆந்தையும், வரம்பில் ஓடும் சாரைப்பாம்பும் சேர்ந்து சிக்கும். அந்துப்பூச்சி மட்டும் கண்ணிக்குள்ளால் தாராளமாகப் போய்வரும். வலைதான் வேண்டும் என்றால் தடித்த நூலில், கண்ணுக்குத் தெரியும் நிறத்தில், இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாத கண்ணி உள்ளதை இழுத்துக் கட்டுங்கள். தொய்வாக விட்டால் அதுவும் குருவி சிக்கும் பொறிதான். நாற்று மேடைக்கும் சிறு துண்டுக்கும் சரி, பத்து ஏக்கருக்குக் கட்டுப்படியாகாது.

நெல்லில் குருணை மருந்து கலந்து வரம்பில் தூவுவது இதைவிட மோசம். கார்போபியூரான் குருணையை விதையென்று கொத்திப் பறவைகள் திரளாகச் செத்ததால் ஐக்கிய அமெரிக்காவில் 1990களின் முற்பகுதியிலேயே அந்த வடிவத்தின் பாவனையை ஏறத்தாழ நிறுத்திவிட்டார்கள். குருவிக்கு வைத்ததை வீட்டுக் கோழியும் தின்னும், வாத்தும் தின்னும். செத்த குருவியைப் பூனை தின்னும்.

இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம் பத்திரிகைக்கு வருகிறது. ஒரு வட்டைக்குள் ஒருவர் ஐப்பசி முதலில் விதைக்கிறார், இன்னொருவர் கார்த்திகை நடுவில். ஒருவர் மூன்று மாத நெல், அடுத்தவர் மூன்றரை மாத நெல். முந்திய வயலில் வளர்ந்த பூச்சி பிந்திய வயல் குடலை தள்ளும் நேரத்துக்குச் சரியாக வெளியே வருகிறது. குருவிக்கும் ஒரு வயல் முடிய அடுத்த வயல் பால்பிடித்துக் காத்திருக்கிறது. எல்லோரும் மூன்று வாரத்துக்குள் விதைத்து ஒரே வயது நெல் போட்டால் பூச்சிக்கு அடுத்த தலைமுறை வளர இளம்பயிர் இருக்காது, குருவிக் கூட்டமும் ஓரிடத்தில் குவியாமல் வட்டை முழுக்கப் பரவிவிடும்.

போக ஆரம்பக் கூட்டங்களில் தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் தீர்மானிக்கிறார்கள். அதோடு வாய்க்கால் வாரியாக எந்த வயது நெல் என்பதையும், அறுவடைக்குப்பின் அடிக்கட்டையை உழுது முடிக்கும் நாளையும் தீர்மானத்தில் எழுதவேண்டும். வட்டையை மேற்பார்க்கும் வட்டவிதானைமார் மாடு கட்டுவதற்கும் வேலி அடைப்பதற்கும் நாள் சொல்கிறார்கள், இதற்கும் சொல்லலாம். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வலதுகரை, இடதுகரை வாய்க்கால்களில் கடைமடைக்குத் தண்ணீர் பிந்திப் போவதால் விதைப்பும் பிந்துகிறது என்ற நியாயத்தை ஏற்கத்தான் வேண்டும். அப்படியானால் கடைமடைக்காரருக்கு வயது குறைந்த நெல்லின் விதை நேரத்தோடு கிடைக்கவேண்டும். அது கிடைக்கிறதா என்பதைச் செய்தியாளர்கள் கேட்டு எழுதினால் பயன் உண்டு.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். படத்தின் அடியில் எழுதிய வரியைத் திருத்தி வெளியிடுங்கள். முடிந்தால் இழுத்த வெண்கதிரின் அடிநுனியையும் குருவி கொத்திய கதிரையும் ஒரு வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இப்போது வெளுத்து நிற்கும் கதிர்களை ஒன்றும் செய்ய முடியாது. அவை கூடுதலாக நிற்கும் இடங்களில் ஒரு கம்பை நட்டுவிட்டு, அறுக்கும்போது அந்த இடத்தில் மட்டும் இயந்திரக்காரரிடம் சொல்லித் தாழ்வாக வெட்டி, முதல் உழவை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெற்செய்கையாளர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.